நிற்கும் மரமாக விற்பதா, வெட்டி அளந்து விற்பதா?

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்ப நிலத்தின் வரப்போரத்தில் நின்ற நாற்பத்திரண்டு தேக்கு மரங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் மொத்தமாக ஒரு தொகை பேசி விற்றோம். வியாபாரி காலையில் வந்து வரப்பில் ஒரு முறை நடந்தார். நான்கைந்து மரங்களைக் கையால் அணைத்துப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார். நாங்கள் கொஞ்சம் கூட்டிக் கேட்டோம், அவர் கொஞ்சம் இறங்கி வந்தார், மதியச் சாப்பாட்டுக்குள் பேரம் முடிந்துவிட்டது. லாரி போன மறுநாள்தான் எனக்கு நாடாவை எடுத்துக்கொண்டு அடித்தூர்களை அளக்கத் தோன்றியது. எத்தனை குறைத்துக் கணக்கிட்டாலும், எங்களுக்குக் கிடைத்த தொகை அப்போது மரவாடியில் அந்தப் பருமனுக்குக் கொடுத்துவந்த விலையில் பாதியைத்தான் எட்டியது. அவர் எங்களை ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. எத்தனை கன அடி நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மரம் விற்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். விலைக்கு முன்பே முடிவு செய்யவேண்டியது எந்த வழியில் விற்பது என்பதுதான். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் தேக்கு, சவுக்கு, தைலம், மலைவேம்பு ஆகியவற்றை வளர்த்தவருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. நிற்கும் மரத்தை மொத்தத் தொகைக்குக் கொடுத்துவிடலாம்; வெட்டியபின் கன அடிக் கணக்கிலோ டன் கணக்கிலோ விற்கலாம்; காகித ஆலை போன்ற ஒன்றுடன் நடவின்போதே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; தானே வெட்டி, அறுத்து, சட்டமாகவும் பலகையாகவும் விற்கலாம். இந்த ஆண்டு விற்காமல் விடுவதும் ஒரு வழிதான். சந்தன மரத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதைப் பட்டா நிலத்தில் வளர்க்கலாம் என்றாலும் வனத்துறை வழியாக மட்டுமே விற்க முடியும் என்பதால், தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மொத்தத் தொகை முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை உண்மையிலேயே உண்டு. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. மரத்துக்குள் பொந்து இருந்தாலும், விழும்போது அடிமரம் பிளந்தாலும் நட்டம் அவருடையது. பணம் பெரும்பாலும் மரம் விழுவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். ஊரில் இல்லாதவருக்கும், முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கும், பத்துப் பதினைந்து மரம் மட்டும் உள்ளவருக்கும் இது பொருந்தும். ஆனால் உள்ளே தெரியாத குறைக்காக வியாபாரி தன் கணக்கில் ஒரு பங்கை முன்கூட்டியே கழித்துவிடுகிறார் என்பதையும், கண்மதிப்பில் தவறு வந்தால் அது எப்போதும் குறைந்த பக்கமே வரும் என்பதையும் விற்பவர் புரிந்துகொள்ள வேண்டும். எனவே இந்த முறையைத் தேர்ந்தாலும் மரங்களை முதலில் நாமே அளந்து வைத்திருப்பது அவசியம். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ எண் எழுதி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து, முதல் கவை வரை உள்ள நேர்மரத்தின் நீளத்தை ஒரு மூங்கில் கழியால் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டால் நாற்பது மரத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். மரம் மேலே போகப் போகச் சிறுத்துவிடும் என்பதால், ஏணி வைத்து நான்கைந்து மரங்களில் நடுச்சுற்றளவையும் எடுத்துப் பார்த்தால் மற்றவற்றுக்கு எவ்வளவு கழிப்பது என்று பிடிபடும்.

கன அடிக் கணக்கு

வெட்டி அளந்து விற்பதே நியாயமான வழி என்று பலரும் சொல்கிறார்கள். நானும் பெரும்பாலும் அதையே சொல்வேன். ஆனால் அளவிலேயே விலை கரைந்துவிடக்கூடும் என்பதால் இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

உருண்டை மரத்துக்கு மரவாடியில் போடும் கணக்கு இதுதான்: சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். நடுவில் 36 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தேக்குத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பத்தாறில் கால் பங்கு ஒன்பது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. பத்தடியால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 5.62 கன அடி வருகிறது. அதே துண்டை உருளையாகக் கருதி வட்டத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 7.16 கன அடி வரும். கால் சுற்றளவுக் கணக்கு உண்மையான கன அளவில் 78.5 விழுக்காட்டை மட்டுமே காட்டுகிறது. மீதியை அறுவையில் போகும் கழிவு என்று தொடக்கத்திலேயே வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. இது ஊர் வழக்கம், இதில் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்கிற கன அடி விலையே இந்தக் கணக்குக்கு ஏற்றதாகத்தான் இருக்கும். அறுவைக் கழிவு என்று சொல்லி மறுபடியும் ஒரு கழிவு கேட்டால்தான் மறுக்க வேண்டும்.

உண்மையான இழப்பு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது பட்டைக் கழிவு. பட்டைக்காகச் சுற்றளவில் இரண்டு அங்குலம்தானே குறைக்கிறோம் என்பார்கள். 36-க்குப் பதில் 34 என்று வைத்தால் 5.62 கன அடி 5.02 ஆகிவிடுகிறது; இரண்டு அங்குலம் என்று காதில் விழுந்தது பத்து விழுக்காட்டுக்கு மேலாகிவிடுகிறது. இரண்டாவது, நாடாவை எங்கே வைப்பது என்பது. அதே துண்டு அடியில் 42 அங்குலமும் நுனியில் 30 அங்குலமும் இருப்பதாகக் கொள்வோம். நடுவில் அளந்தால் 5.62 கன அடி. நுனியில் அளந்தால் 3.9 கன அடிதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். மூன்றாவது, கீழே இழுத்து முழுமையாக்குவது. 35 முக்கால் அங்குலத்தை 35 என்றும், பத்தடி ஒன்பது அங்குலத்தைப் பத்தடி என்றும் எழுதினால், ஐம்பது துண்டுகளில் அது ஒரு கணிசமான மரமாகவே ஆகிவிடும். எனவே "கன அடிக்கு இவ்வளவு" என்ற பேச்சு, நடுவில் அளப்பதா, பட்டை உரித்து அளப்பதா, கால் அங்குலம் சேருமா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே விலைப்பேச்சாகும். சில நேரங்களில் கூடுதல் விலை சொன்னவரின் அளவுமுறை, குறைந்த விலை சொன்னவரைக் காட்டிலும் கையில் குறைவாகவே கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இளந்தேக்கை வியாபாரிகள் இளக்காரமாகப் பேசுவதற்கு ஓரளவு காரணம் உண்டு. மேலே சொன்ன 36 அங்குலத் துண்டின் குறுக்குவெட்டில் மையத்திலிருந்து வெளிப்பட்டை வரை ஐந்தே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். அதில் பட்டையும், அதை ஒட்டிய வெளிறிய மென்மரமான வெள்ளையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் போனால், உள்ளிருக்கும் முற்றிய மரமான வைரத்திலிருந்து ஆறுக்கு ஆறு அங்குலச் சட்டம் ஒன்றுதான் முழுதாக எடுக்க முடியும். பத்தடிக்கு அது இரண்டரை கன அடி. ஓரங்களில் ரீப்பர் எனப்படும் மெல்லிய சிறு சட்டங்கள் கிடைக்கும். கதவு நிலைக்கு வைரம் மட்டும் வேண்டும் என்கிற வாடிக்கையாளருக்கு விற்பவர், 5.62 கன அடிக்கு முழு விலை கொடுக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், காத்திருப்பதன் மதிப்பும் தெரியவரும். 30 அங்குலச் சுற்றளவில் நிற்கும் மரம் 36 அங்குலம் ஆகும்போது, நீளம் சிறிதும் கூடாவிட்டாலும் கன அளவு 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அத்துடன் தேக்குக்குப் பருமன் ஏற ஏறக் கன அடி விலையும் ஏறும். வெள்ளையின் பங்கு குறைந்து வைரத்தின் பங்கு கூடும். மகளின் கல்யாணம், மருத்துவச் செலவு என்று நெருக்கடி இல்லாதவர், நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் 30 அங்குல மரத்தை வெட்டுவது பயிரைக் கதிர் வாங்கும்போது அறுப்பதற்குச் சமம். சுற்றளவு இரண்டு மூன்று ஆண்டுகளாக நகரவே இல்லை என்றால் கதை வேறு. அந்த மரம் நெரிசலிலோ நீரில்லாமலோ நிற்கிறது, அதைக் கழித்துப் பக்கத்து மரத்துக்கு இடம்கொடுப்பதே நல்லது. அப்படிக் கழிக்கும்போது எந்த மரம் போக வேண்டும் என்பதை நிலத்துக்காரரே குறிக்க வேண்டும். வாங்குபவரிடம் விட்டால் தடித்த மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டிவிட்டு, கோணலும் கவையுமானவற்றை நமக்கு விட்டுப் போவார்.

புயலைப் பொறுத்தவரை இந்த ஆலோசனை எடுபடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர்ப் பக்கமும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கமும் கரை கடந்தபோது விழுந்த மரத்துக்குப் பேரம் பேசுகிற நிலையில் யாரும் இருக்கவில்லை. கடலோர மாவட்டத்தில் இருப்பவர், விற்கும் பருமனை எட்டிவிட்ட மரத்தை இன்னும் ஓராண்டு போகட்டும் என்று வைத்திருக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டன் கணக்கு

சவுக்கும் தைலமும் எடைக்கு விற்பவை. இங்கே நாடாவின் இடத்தை எடைமேடை எடுத்துக்கொள்கிறது. அதனால் சண்டை குறைவு, ஆனால் ஈரம் என்ற புதிய சிக்கல் வருகிறது. வெட்டிய மரம் அன்றிலிருந்தே எடை இழக்கத் தொடங்கும். கோடையில் 20 டன் கட்டையை வெட்டிப்போட்டு, லாரி வரவில்லை என்று ஒரு வாரம் காத்திருந்து, பத்து விழுக்காடு உலர்ந்துவிட்டால் இரண்டு டன்னுக்கான பணம் காற்றில் போய்விட்டது என்று பொருள். ஆகவே டன் கணக்கில் விற்பவர் ஒப்பந்தத்தில் எழுதவேண்டிய முதல் வரி, வெட்டிய எத்தனை நாளுக்குள் எடை போடுவது என்பதே. பட்டையோடா, உரித்தா என்பது அடுத்தது. எடைமேடையை நாம் தேர்ந்தெடுப்பதும், வெற்று லாரியின் எடையைப் போடும்போது உடனிருப்பதும் கூச்சப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல.

சவுக்கில் இன்னொரு தெரிவும் உண்டு. தோப்பு முழுவதையும் ஒரே டன் விலைக்குக் கொடுப்பது எளிது. ஆனால் நேராக உயர்ந்த கழிகளுக்குச் சாரம் கட்டுபவர்களும் பந்தல்காரர்களும் எண்ணிக்கைக் கணக்கில் தரும் விலை, அதே கழியைக் காகிதக் கூழுக்கு எடைபோட்டால் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. மிலாறும் வேர்க்கட்டையும் விறகுக்குப் போகும். ஆள் வைத்துத் தரம் பிரிக்க முடிந்தவருக்கு, அருகில் கட்டடவேலை நடக்கும் ஊர் இருந்தால், பிரித்து விற்பது லாபம். ஆள் கிடைக்காத ஊரில் அந்த லாபத்தைக் கூலியே தின்றுவிடும் என்பதால், அங்கே ஒரே விலைக்குக் கொடுத்துவிடுவதில் தவறில்லை. மலைவேம்பிலும் இதே போன்ற பிரிவு இருக்கிறது: கணுவில்லாத, தடித்த, நேரான துண்டு ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகும், மெலிந்ததும் கோணலும் காகிதக் கூழுக்குப் போகும். இளமையில் பக்கக் கிளைகளை ஒழுங்காகக் கழித்தவருக்கும் கழிக்காதவருக்கும் வேறுபாடு தெரிவது இந்த இடத்தில்தான்.

ஒப்பந்தச் சாகுபடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கரூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள் விவசாயிகளுடன் மரம் வளர்ப்பு ஒப்பந்தங்கள் செய்துவருகின்றன. மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரி இந்த முறையைப் பரப்புவதில் பெரும்பங்கு வகித்தது. தேர்ந்த கன்று, வாங்குவதற்கு ஒரு கை, விலைக்கு ஓர் அடித்தளம் ஆகியவை இதன் பலன்கள். இடைத்தரகரைத் தவிர வேறு யாரும் எட்டிப்பார்க்காத ஊரில் ஐந்து ஏக்கர் சவுக்கு வைத்திருப்பவருக்கு இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. ஆனால் சந்தை விலை ஒப்பந்த விலையைவிட உயர்ந்தால் எது செல்லும், அறுவடையை ஆலை தள்ளிப்போட்டால் என்ன ஆகும், வெட்டும் ஆட்களை யார் அனுப்புவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தேக்குக்கு இந்த வழி பொருந்தாது.

தானே அறுத்து விற்பது கேட்பதற்குக் கவர்ச்சியானது. இடையில் இருப்பவர்களின் லாபம் முழுவதும் நமக்கே என்று தோன்றும். நடைமுறையில், அறுவைக்கூலி கொடுத்தபின் கையில் இருக்கும் சட்டமும் பலகையும் நிழலில் அடுக்கி உலர வைக்கப்பட வேண்டும், வாடிக்கையாளர் கேட்கும் அளவில் இருக்க வேண்டும், விற்கும்வரை பணம் முடங்க வேண்டும். சொந்த வீடு கட்டுபவரும், உறவில் யாராவது கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தவரும் தம் தேவைக்கு அறுத்துக்கொண்டு மீதியை விற்பது மட்டுமே இதில் புத்திசாலித்தனம். மற்றவர்கள் மரவாடி நடத்துவது ஒரு தனித்தொழில் என்பதை இரண்டாவது லோடில் கற்றுக்கொள்கிறார்கள்.

காகிதமும் கையெழுத்தும்

எந்த வழியைத் தேர்ந்தாலும் வெட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது தவிர்க்க முடியாதது. தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் நடைமுறையில் உள்ளன. சில வகை மரங்களை லாரியில் ஏற்றிச் செல்ல அனுமதிச்சீட்டு தேவை, சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றுடன் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கேட்கப்படும். அடங்கலில் மரங்களைப் பதிந்து வைத்திருந்தால் இந்த வேலை எளிதாகும். மாநில எல்லையைத் தாண்டிப் போகும் மரத்துக்காக 2023 டிசம்பரில் தேசிய அளவில் இணையவழி அனுமதி முறை தொடங்கப்பட்டிருக்கிறது.

மலைப்பகுதியில் நிலம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே பொருந்தும். தன் பட்டாவில் நிற்கும் மரமானாலும், இச்சட்டங்களின்படி அமைக்கப்பட்ட குழுவின் அனுமதியின்றி வெட்ட முடியாது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டைப் பற்றி கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த உத்தரவு, காடு என்ற சொல்லுக்கு உடைமை யாருடையது என்று பாராமல் அகராதிப் பொருளே கொள்ளப்பட வேண்டும் என்று சொன்னது. நட்டு வளர்த்த தோப்பும், தானாக முளைத்துக் காடாகிப் போன நிலமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பதற்கு வருமானவரியும் சாட்சி: நிலத்தை உழுது, நட்டு வளர்த்ததில் வந்தால்தான் அது வேளாண் வருமானம் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1957-இலேயே நிலைநிறுத்தியது. கன்று வாங்கிய ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பலம் இருக்கும்.

அனுமதி நிலத்துக்காரரின் பெயரில் எழுதப்படுவதால், எத்தனை மரம், எத்தனை லோடு என்பதை வியாபாரியிடம் விட்டுவிடக்கூடாது. உங்கள் பட்டாவைக் காட்டி வேறிடத்து மரம் போனால் விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்கள். எல்லையையும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில் நிற்கும் மரம் நம் தாத்தா நட்டதாக இருந்தாலும் நம்முடையது அல்ல. கூட்டுப்பட்டா என்றால் எல்லோருடைய ஒப்புதலும் எழுத்தில் வேண்டும்.

வெட்டுவதற்காக விற்கப்படும் நிற்கும் மரத்தை 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அசையாச் சொத்தாகக் கருதுவதில்லை. எனவே பத்திரப் பதிவுக்கு அலைய வேண்டியதில்லை, ஆனால் எழுதாமல் விற்பதற்கு அது காரணமாகிவிடாது. வெட்டி முடிக்கவேண்டிய கடைசி நாள், அந்த நாளைத் தாண்டி நிற்கும் மரம் யாருக்குச் சேரும், பக்கத்து வயலின் பயிர், மின்கம்பி, குழாய் சேதமடைந்தால் யார் பொறுப்பு, முதல் லோடு கிளம்புமுன் எவ்வளவு பணம் வரவேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஒரு சிறு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று எட்டு மாதம் மரத்தை நிற்கவைக்கும் வியாபாரிக்கு மருந்து அந்தக் கடைசி நாள் ஒன்றுதான்.

தெற்கு வரப்பில் மிஞ்சிய மரங்களை விற்கும்போது நாங்கள் மொத்தத் தொகை முறையையே மறுபடியும் தேர்ந்தோம், ஏனெனில் வெட்டும் நாட்களில் உடனிருக்க வீட்டில் ஆள் இல்லை. ஆனால் இந்த முறை எண்ணிட்ட மரங்களின் பட்டியலைப் பிரதியெடுத்து நான்கு பேரிடம் கொடுத்து, ஒட்டிய உறையில் விலை எழுதித் தரக் கேட்டோம். பட்டியலைப் பார்த்ததும் ஒருவர் வராமலே நின்றுவிட்டார். மற்ற மூவரின் தொகைகளில் கீழே இருந்ததற்கும் மேலே இருந்ததற்கும் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் கூடுதலாகச் சேர்த்தோம்: மரத்தைத் தரையை ஒட்டி, சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். அடிமரத்தின் தடித்த பகுதி வீணாவதில்லை என்பதால் அதை வியாபாரியும் மறுக்கவில்லை. தேக்கு வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் கிளம்பும் நான்கைந்து துளிர்களில் நல்லதாக ஒன்றை விட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால், புதிதாகக் கன்று நடாமலே அடுத்த மரம் வளரத் தொடங்கிவிடும்.